பிரஷர் மாத்திரைகளில் எது யாருக்கு: ஐந்து குடும்பங்களின் ஒப்பீடு

பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தவுடன் பலரும் கேட்கும் கேள்வி, "இதில் எது பவரானது?" என்பதுதான். விடை உண்டு, ஆனால் அதனால் பெரிய பயனில்லை. முதல் வரிசையில் நிற்கும் மாத்திரைகள் ஐந்து குடும்பம். அவற்றில் நடந்த 354 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. வழக்கமான அளவில் தனித்தனியாகக் கொடுத்தால் ஐந்துமே மேல் அளவைச் சராசரியாக 9 புள்ளியும், கீழ் அளவை 5 புள்ளி சொச்சமும்தான் குறைக்கின்றன. ஒன்றுக்கொன்று பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே கேட்க வேண்டியது வேறு. இந்த மாத்திரை எந்த வழியில் அழுத்தத்தைக் குறைக்கிறது? போகிற போக்கில் வேறு எந்த உறுப்பில் கை வைக்கிறது? அந்த உறுப்பு என் உடம்பில் எப்படி இருக்கிறது?

ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பவை மூன்று. இதயம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்பது ஒன்று. சிறு தமனிகள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்பது இரண்டாவது. குழாய்களுக்குள் உப்பும் நீரும் எவ்வளவு இருக்கின்றன என்பது மூன்றாவது. எல்லா பிரஷர் மாத்திரைகளும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோதான் பிடிக்கின்றன.

கையிலிருக்கும் மாத்திரை எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது எளிது. அட்டையைத் திருப்பினால் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதன் வாலைப் பாருங்கள். "பிரில்" என்று முடிந்தால் (எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில்) ஒரு குடும்பம். "சார்டன்" என்று முடிந்தால் (லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன்) அதன் பங்காளி. "டிபின்" என்றால் (அம்லோடிபின், சில்னிடிபின்) கால்சியம் வழியை அடைப்பது. "லால்" என்று முடிபவை (மெட்டோபிரோலால், பைசோபிரோலால், அட்டெனலால்) பீட்டா பிளாக்கர்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு மூன்றும் சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் தயசைடு கூட்டம். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் அது கூட்டு மாத்திரை. ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் என்று தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

பிரிலா, சார்டனா?

இரண்டும் ஒரே சங்கிலியை வேறு வேறு கண்ணியில் அறுப்பவை. அழுத்தம் குறைந்ததாகவோ உப்பு போதவில்லை என்றோ சிறுநீரகத்துக்குப் பட்டால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அது கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் ஒன்று என்ற பொருளை உண்டாக்குகிறது. அதுவரை பெரிய விளைவு எதுவுமில்லை. நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நிறைய இருக்கும் ஏசிஇ என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றும்போதுதான் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிரில்கள் ஏசிஇ நொதியையே முடக்குகின்றன. இந்தக் குடும்பத்தின் தொடக்கம் ஒரு பாம்பின் விஷத்தில் இருக்கிறது. பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். அந்த விஷத்தை ஆராய்ந்தபோது கிடைத்த தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கேப்டோபிரில் உருவானது. 1981-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. முதல் சார்டனான லோசார்டன் வந்தது 1995-ல். அது நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் ஒட்டும் ஏற்பியை அடைத்துவிடுகிறது.

நடைமுறையில் இந்த வித்தியாசம் தெரியும் இடம் தொண்டை. ஏசிஇ நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியை முடக்கினால் பிராடிகைனின் தேங்கும். அதனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வருகிறது. சளி வராது, காய்ச்சல் இருக்காது, தொண்டைக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும், படுத்தால் இன்னும் கூடும். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம் என்பதால் மாத்திரையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகக் காலியாகும், எக்ஸ்ரே எடுப்பார்கள், அலர்ஜி மாத்திரை சேரும். பிரிலை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். சார்டனில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உதடு, நாக்கு, தொண்டை வீங்கும் ஆபத்தும் இதே பிராடிகைனினால் வருவதுதான். அது அபூர்வம், ஆனால் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியது. ஒருமுறை அப்படி வந்தவருக்கு அதன்பின் பிரில் பேச்சுக்கே இடமில்லை.

பலன்? 2008-ல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ராமிபிரிலையும் டெல்மிசார்டனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரண மரணம் ஆகியவற்றைத் தடுப்பதில் இரண்டும் சமம். ஆகவே வெறும் பிரஷருக்காகப் புதிதாக மாத்திரை தொடங்குபவருக்கு சார்டனே வசதி என்பது என் கணிப்பு. ஏற்கெனவே பல வருடமாகப் பிரில் சாப்பிட்டு இருமலே இல்லாதவர் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் எதுவுமில்லை. அழுத்தம் அளவுக்கு மீறி விழுவதும் சிறுநீரகம் கெடுவதும்தான் கூடியது. ஒரு டாக்டர் எழுதிய பிரிலும் இன்னொருவர் எழுதிய சார்டனும் ஒரே டப்பாவில் இருந்தால் அன்றே கேட்டுவிடுங்கள்.

சிறுநீரில் புரதம் போகும் சுகர் நோயாளிக்கு இந்த இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லலாம். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ரத்தம் வெளியேறும் குழாயை இவை தளர்த்துகின்றன. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது, புரதக் கசிவும் குறைகிறது. இதே காரணத்தால்தான் தொடங்கிய புதிதில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்த அளவு) சற்று ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை டாக்டர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் காரணம் தேடுவார்கள். பொட்டாசியமும் ஏறலாம். எனவே தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைத்த உப்பு வாங்குபவர்கள் அந்த உறையையும் ஒருமுறை படிக்க வேண்டும். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்த்திருப்பார்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இரண்டு குடும்பமும் ஆகாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தை இவை பாதிக்கும். அந்தக் காலத்துக்கு லேபெட்டலால், நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின், மெதில்டோபா என்று தனி வரிசையே இருக்கிறது.

அம்லோடிபினும் கணுக்கால் வீக்கமும்

தமனிச் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டுமானால் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். அம்லோடிபின் அந்த வாசலை அடைக்கிறது. தசை தளர்கிறது, தமனி விரிகிறது. உப்பு, பொட்டாசியம், கிரியேட்டினின் எதையும் இது தொந்தரவு செய்வதில்லை. தொடர் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது, ஆஸ்துமாக்காரருக்கும் கொடுக்கலாம், நெஞ்சு வலிக்கும் உதவும். உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் எடுத்துக்கொள்வதால் ஒருநாள் மறந்தாலும் அழுத்தம் உடனே எகிறாது. அதே காரணத்தால் தொடங்கிய முதல் வாரத்திலேயே "இது வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டவும் கூடாது. ரத்தத்தில் அதன் அளவு நிலைபெறவே ஏழெட்டு நாள் ஆகும்.

இதன் பலவீனம் காலில் இருக்கிறது. மாலையில் செருப்பின் வார் இறுகும், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும். மருந்துக் குறிப்பேட்டின்படி 5 மி.கி. சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும், 10 மி.கி.யில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேலும் இது வருகிறது. பெண்களிடம் அதிகம்.

இந்த வீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஒரு மாத்திரை மூன்றாகப் பெருகுகிறது. அம்லோடிபின் தமனிப் பக்கத்தை விரிக்கிறது, சிரைப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. நடுவில் இருக்கும் நுண்குழாய்களுக்குள் ரத்தம் வேகமாக வருகிறது, வெளியேறும் வழி மட்டும் பழைய அகலம்தான். உள்ளே அழுத்தம் கூடி நீர் திசுவுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது, நீர் இடம் மாறியதால் வந்தது. அதனால் ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சேர்த்தால் கால் அவ்வளவாக வற்றாது, பொட்டாசியம்தான் இறங்கும். பிறகு அதற்கு ஒரு பொட்டாசியம் மருந்து. சரியான வழிகள் வேறு. அளவைப் பாதியாக்கலாம், அல்லது ஒரு சார்டனையோ பிரிலையோ சேர்க்கலாம். அவை சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் நுண்குழாயின் அழுத்தம் குறைந்து வீக்கம் வடிகிறது. சில்னிடிபினுக்கு மாற்றினாலும் பலருக்குக் குறைகிறது. ஆனால் வீக்கம் ஒரே காலில் மட்டும் இருந்தாலோ, மூச்சிரைப்போடு வந்தாலோ அம்லோடிபின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டியா, இதயப் பிரச்சினையா என்று அன்றே பார்க்க வேண்டும்.

கால்சியம் வழியை அடைக்கும் மருந்துகளில் டில்டியாசம், வெரபமில் இரண்டும் தனி ரகம். இவை குழாயைவிட இதயத்தின் மின்னோட்டத்தில் அதிகம் கை வைத்து நாடித்துடிப்பைக் குறைக்கும். பீட்டா பிளாக்கரோடு இவை சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இதயம் பலவீனமாகச் சுருங்குபவருக்கு இவற்றைத் தவிர்ப்பார்கள்.

தயசைடு: பழையது, மலிவானது, குறைத்து மதிப்பிடப்பட்டது

1950-களின் இறுதியில் வந்த குடும்பம் இது. சிறுநீரகக் குழலின் பிற்பகுதியில் சோடியமும் குளோரைடும் ரத்தத்துக்குத் திரும்பிப் போகும் வழியை மூடுகிறது. உப்பு வெளியேற, நீரும் கூடவே போகிறது. ஆச்சரியம் என்னவென்றால் சில வாரத்தில் உடம்பின் நீர் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது, அழுத்தம் மட்டும் குறைந்தபடியே நிற்கிறது. அதற்குள் குழாய்களே தளர்ந்து கொடுத்திருக்கும். "பாத்ரூமுக்கே போய்க்கொண்டிருக்க வேண்டுமே" என்று பயந்து மறுப்பவர்களிடம் இதைச் சொல்லலாம். அந்தத் தொல்லை பெரும்பாலும் முதல் சில நாட்களோடு சரி.

2002-ல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் ஒன்றுதான். இதயச் செயலிழப்பு அம்லோடிபின் பக்கம் கூடுதலாக வந்தது, பக்கவாதம் லிசினோபிரில் பக்கம் சற்றுக் கூடுதலாக வந்தது. பழைய மாத்திரை எதிலும் பின்தங்கவில்லை. 2008-ல் வந்த ஹைவெட் ஆய்வு 80 வயதைத் தாண்டியவர்களுக்கு இண்டபமைடு கொடுத்து, தேவைப்பட்டவருக்கு பெரிண்டோபிரிலும் சேர்த்தது. மரணம் 21 சதவீதம் குறைந்தது. "இந்த வயதில் இனி எதற்கு பிரஷர் மாத்திரை?" என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

யாருக்கு ஆகாது என்பதும் தெளிவு. யூரிக் அமிலத்தை ஏற்றுவதால் கவுட் மூட்டுவலிக்காரருக்கு வேண்டாம். அவருக்கு லோசார்டன் நல்ல மாற்று, அது யூரிக் அமிலத்தைச் சற்றே குறைக்கும். தயசைடு சுகரையும் கொஞ்சம் ஏற்றும். வயதானவர்களிடம், குறிப்பாக ஒல்லியான பெண்களிடம், சோடியம் இறங்கிக் குழப்பம், தள்ளாட்டம் என்று வந்து நிற்கும். முதுமை மறதி என்று அதை எண்ணிவிடுவார்கள். தொடங்கிய சில வாரத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்துவிட்டால் இதைப் பிடித்துவிடலாம். கால்சியம் சார்ந்த சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவருக்கு இது இரட்டை லாபம், சிறுநீரில் கால்சியம் போவது குறைகிறது.

குளோர்தாலிடோனா, ஹைட்ரோகுளோரோதயசைடா என்ற பழைய சர்ச்சை உண்டு. 2022-ல் 13,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நேரடியாக ஒப்பிட்டதில் இதய நிகழ்வுகளில் வித்தியாசமில்லை. பொட்டாசியம் இறங்குவது குளோர்தாலிடோனில் கூடுதல்.

பீட்டா பிளாக்கர் எங்கே முதலிடம், எங்கே கடைசி

அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகளை மறித்து, இதயத்தின் வேகத்தையும் வலுவையும் இவை குறைக்கின்றன. ரெனின் சுரப்பையும் குறைக்கின்றன. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரோபிரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெருமைக்கு இது உரியதுதான். ஆனால் வேறு நோய் எதுவுமில்லாத வெறும் பிரஷருக்கு இதை முதல் மாத்திரையாக நான் பரிந்துரைக்கமாட்டேன். 2002-ன் லைஃப் ஆய்வில், பிரஷரால் இதயச் சுவர் தடித்துப்போன 9,193 பேரில் ஒரு பாதிக்கு லோசார்டனும் மறுபாதிக்கு அட்டெனலாலும் கொடுத்தார்கள். அழுத்தம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. அப்படியிருந்தும் லோசார்டன் பக்கம் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு.

இதயமே நோயுற்றிருந்தால் கதை மாறுகிறது. இதயச் செயலிழப்பில் பைசோபிரோலால் மரணத்தை 34 சதவீதம் குறைத்ததால் ஓர் ஆய்வையே முன்கூட்டி முடித்து 1999-ல் வெளியிட்டார்கள். மெட்டோபிரோலால் சக்சினேட்டுக்கும் கார்வெடிலாலுக்கும் அதே பெருமை உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற வேகத் துடிப்பு, நெஞ்சு வலி, ஓயாத ஒற்றைத் தலைவலி ஆகியவற்றிலும் இதற்கு உரிய இடம் இருக்கிறது. ஆஸ்துமா இருப்பவர் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. இன்சுலின் போடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது, சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் வரும். திடீரென்று நிறுத்தவே கூடாது. மறிக்கப்பட்டிருந்த ஏற்பிகள் ஒரேயடியாகத் திறந்துகொள்வதால் நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அளவைக் கூட்டுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா

ஒரு மாத்திரையில் அழுத்தம் முழுசாக இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு மாத்திரை வேண்டாம், இதையே டபுள் பண்ணிவிடுங்கள்" என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் நோயும் முற்றிவிட்டது என்ற பயம் அது. கணக்கு நேர்மாறாக இருக்கிறது. மேலே சொன்ன 354 ஆய்வுக் கணக்கின்படி, பாதி அளவிலேயே முழு அளவின் 80 சதவீதப் பலன் கிடைத்துவிடுகிறது. டபுள் செய்வதால் கிடைப்பது கொசுறுதான், பக்க விளைவோ பெரும்பாலும் அளவோடு சேர்ந்தே ஏறுகிறது. வேறு குடும்பத்திலிருந்து ஒன்றைச் சேர்த்தால், டபுள் செய்வதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தம் குறைகிறது என்று 2009-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கண்டது.

காரணம் உடம்பின் எதிர்வினைதான். தயசைடு கொடுத்து உப்பை வெளியேற்றினால் சிறுநீரகம் ரெனினைக் கூட்டி எதிர்க்கும். சார்டன் கூட இருந்தால் அந்த எதிர்ப்பு எடுபடாது. தயசைடு பொட்டாசியத்தை இறக்கும், சார்டன் ஏற்றும், இரண்டும் ஓரளவு சரிக்குச் சரி. சார்டனும் அம்லோடிபினும் சேர்ந்தால் கால் வீக்கம் குறைவதை ஏற்கெனவே பார்த்தோம். ஆகவே 10 மி.கி. அம்லோடிபின் தனியாக என்பதற்கும், 5 மி.கி.யோடு ஒரு சார்டன் என்பதற்கும் நடுவே தேர்வு வந்தால் இரண்டாவதைத்தான் கேளுங்கள் என்பேன். இரண்டும் ஒரே மாத்திரையில் வந்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாகத் தயசைடு சேரும். மூன்றும் போதிய அளவில் இருந்தும் அழுத்தம் இறங்காதவருக்கு நான்காவதாக, ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்பதை 2015-ன் பாத்வே-2 ஆய்வு காட்டியது. பைசோபிரோலாலையும், குழாய்களைத் தளர்த்தும் வேறொரு ரகமான டாக்சாசோசினையும்விட அதுவே நன்றாக வேலை செய்தது. பொட்டாசியத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும், ஆண்களுக்கு மார்பு வலியோ வீக்கமோ வரலாம். டாக்சாசோசினை ஆல்ஹாட் ஆய்வில் பாதியிலேயே நிறுத்தினார்கள், இதயச் செயலிழப்பு கூடியதால். புராஸ்டேட் தொல்லையும் சேர்ந்திருப்பவருக்குத் துணை மாத்திரையாக அது இன்றும் உதவுகிறது.

காலையா, இரவா என்பதில் அலட்டிக்கொள்ள வேண்டாம். 2022-ல் முடிவு வெளியான டைம் ஆய்வில் 21,000 பேரைச் சராசரியாக ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மறக்காமல் சாப்பிட முடிகிற நேரம் எதுவோ அதுவே சரி. நீர் மாத்திரை இருந்தால் மட்டும் தூக்கம் கெடாமல் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை சரியாக இருந்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், குடும்பத்தை மாற்றும் முன் வலி மாத்திரையைத் தேடுங்கள். மூட்டுவலிக்கு இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் தினமும் போடுபவர் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இவை உப்பைப் பிடித்துவைத்து பிரில், சார்டன், தயசைடு மூன்றின் பலனையும் குறைக்கும். சார்டன் அல்லது பிரில், நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவது சட்டென்று குறைந்து அது திடீரென்று செயலிழக்கலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாட்களில் இந்த ஆபத்து பல மடங்கு. அப்படி ஒரு நாள் வந்தால் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது, எதைத் தொடர்வது, எப்போது மறுபடி தொடங்குவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.